ஒத்திகை நோயாளி

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தாண்டி, நாலு மாடிக்கு நீலக் கண்ணாடி பதித்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரி எழுந்தபோது எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் ஆட்டோவில் தூக்கிப் போட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் ஊர்ந்து, பட்டணத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பாதிப் பேர் வழியிலேயே விடைபெற்றுவிடுவார்கள். நூற்றெட்டு ஆம்புலன்ஸ் எல்லாம் வந்திராத காலம். "இனிமே நிம்மதியா சீக்கு வரலாம் சார்" என்று என் பக்கத்து வீட்டுக்காரர் சந்தோஷமாகவே சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வைத்திருந்த சமஸ்கிருதப் பெயர் மிக நீளம். அது யார் வாயிலும் நுழையாமல், கண்ணாடி ஆஸ்பத்திரி என்றே ஆகிப்போனது.

அதன் சேர்மன் டாக்டர் தட்சிணாமூர்த்தி வெளிநாட்டில் ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். மாரடைப்பு என்பது இதயத்துக்குப் போகிற குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது. கட்டியைக் கரைக்கிற ஊசி எவ்வளவு சீக்கிரம் உள்ளே இறங்குகிறதோ அவ்வளவு இதயம் மிஞ்சும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். சத்தியமான பேச்சு. இதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. சேர்மன் திரும்பி வந்ததும், நம் வாசலில் நோயாளி இறங்குவதிலிருந்து ஊசி ஏறுகிற வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கச் சொன்னார். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையவில்லை. சக்கர நாற்காலி இருக்கும், தள்ளுகிறவர் இருக்க மாட்டார். தள்ளுகிறவர் வந்தால் லிப்ட் மேலே நிற்கும். எல்லாம் கூடி வந்தால் ஊசி மருந்து இரண்டாம் மாடி மருந்தகத்தில் குளிர்பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும், சாவி மருந்தகப் பொறுப்பாளரின் இடுப்பில் இருக்கும், பொறுப்பாளர் சாப்பிடப் போயிருப்பார்.

உடனே ஒரு கமிட்டி போட்டார்கள். அவசரப் பிரிவில் பத்து வருஷ அனுபவம் உள்ள ஏஞ்சல் சிஸ்டர், அந்த மருந்தைக் கீழேயே ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, சாவியைத் தங்களிடம் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். தரக் கட்டுப்பாட்டு மேலாளர் ஜெயஸ்ரீ மேடம் பொறுமையாக விளக்கினார்.

"சிஸ்டர், நாம இங்க சாவியைப் பத்திப் பேசல. மைண்ட்செட்டைப் பத்திப் பேசறோம்."

மைண்ட்செட்டை மாற்றும் வேலை மறுநாளே தொடங்கியது. அதற்கு மின்னல் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். எல்லோர் சட்டையிலும் மின்னல் பேட்ஜ். சாலைக்குக் குறுக்கே 'ஒவ்வொரு நொடியும் உங்களுக்காக' என்று பேனர். அதைக் கட்டுவதற்காக ஒரு முழு மத்தியானம் போக்குவரத்தை நிறுத்தினார்கள். வாசலிலிருந்து அவசரப் பிரிவுக் கட்டில் வரை தரையில் ஒரு மஞ்சள் கோடு. ஒரு ஸ்டாப் வாட்சும் வாங்கினார்கள். ஆயுத பூஜை அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை படைத்து, சேர்மனே கற்பூரம் காட்டினார்.

நோயாளிகள்தான் ஒத்துழைக்கவில்லை. ஒருவர் நெஞ்சு வலியோடு பத்து சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்து மஞ்சள் கோட்டை அடைத்தார். இன்னொருவர் தனக்கு ஒன்றும் இல்லை, வாயுதான் என்று கடைசி வரை வாதாடினார். ஒரு பெரியவர் ஸ்டாப் வாட்ச் எங்கே இருக்கிறது என்று தேடி எடுப்பதற்குள் இறந்தே போனார். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு வேகத்தைக் காட்ட முடியாது என்று ஜெயஸ்ரீ மேடம் சொல்லிவிட்டார். சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்னபடி படுக்கிற நோயாளி வேண்டும். அந்தச் சமயத்தில்தான் குப்புராஜ் மாட்டினான்.

குப்புராஜுக்குக் கோவளம் பக்கத்துக் குப்பம். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, விடியலில் கரையில் ஏலம் எடுத்த மீனை டி.வி.எஸ். பிப்டியில் கட்டிக்கொண்டு மேடவாக்கம் வழியாக வருவான். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஒரு பெரிய குடைக்குக் கீழே அவன் மனைவி பட்டு உட்கார்ந்து விற்பாள். நான் அவளுடைய நிரந்தர வாடிக்கைக்காரன். பட்டுவுக்கு வியாபாரத் தந்திரம் எதுவும் வராது. சங்கராவைக் கையில் எடுத்து நான் செவுளைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் அவளே, "இன்னிக்கி வாணாம் சார், நேத்தித்து அது, நாளைக்கி வா" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். பொய் சொல்ல வேண்டிய இடத்தில் அந்தப் பெண்பிள்ளைக்கு நாக்கு எழும்பாது.

ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு மீன் போடுவது குப்புராஜ் வேலை. லிப்டில் மீன் வாடை ஆகாது என்பதால், அன்று ஐஸ் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு மாடி ஏறினான். மேலே போய்ப் பெட்டியை இறக்கிவிட்டு, வேர்த்து வழிய, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். அந்தப் பக்கம் வந்த ஜெயஸ்ரீ மேடம் அப்படியே நின்றுவிட்டார். ஆளைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டு, நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். இதயம் கல்லுக்குண்டாட்டம் இருந்தது. மேடத்துக்கு அதில் ஏமாற்றமே இல்லை. இதே முகபாவத்தைத் தினமும் தர முடியுமா என்று அவனைக் கேட்டார். சம்பளமாக ஒரு டீ, ஒரு தேங்காய் பன்.

தினமும் காலை பதினோரு மணிக்கு ஒத்திகை. குப்புராஜ் வாசலில் வந்து நெஞ்சின் இடது பக்கத்தைப் பிடித்து, முகத்தைச் சுளித்து, முழங்காலை மடக்க வேண்டும். முதல் நாள் ரொம்பவும் சினிமாவாக விழுந்துவிட்டான் என்று மேடம் திருத்தினார். பட்டன் கழற்ற நேரம் ஆகிறது என்று அவனுக்கு மட்டும் ஒட்டுப்பட்டை வைத்த சட்டை தைத்தார்கள். ஒயர் ஒட்டத் தோதாக மாரில் முடியை வாரம் ஒருமுறை மழித்தார்கள். லிப்ட் அவனுக்காகக் கீழேயே காத்திருந்தது, கட்டில் கீழ்த்தளத்திலேயே இருந்தும்கூட. டியூட்டி டாக்டர் அருண்ராஜ், படித்து முடித்து வந்த வருஷம் அது, ஈ.சி.ஜி. தாளை வாங்கிக்கொள்வார். அதை அவர் பார்ப்பதில்லை, பார்த்தால் நேரம் வீணாகும். "இதயத்தின் முன்சுவரில் மாரடைப்பு, ஊசி" என்று மனப்பாடமாகச் சொல்வார். உடனே ஊசி வரும். மருந்துப் புட்டி மாதிரியே ஒரு புட்டி, உள்ளே வெறும் தண்ணீர். அது ஏறியதும் கடிகாரம் நிற்கும். குப்புராஜ் எழுந்து நின்று கும்பிட்டால் ஒத்திகை பூர்த்தி.

ஒன்றரை மணி நேரம் ஒரு மணி ஆனது, அரை மணி ஆனது. பத்து நிமிஷத்துக்குள் வந்த அன்று கேக் வெட்டினார்கள். இவ்வளவு வேகமாகக் குணமடைந்த நோயாளி ஆசியாவிலேயே கிடையாது என்று சேர்மன் பேசினார். குப்புராஜும் கை தட்டினான்.

ஒத்திகை நடக்கிற நேரத்தில் நிஜ நோயாளிகள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பார்கள். ஒருநாள் குப்புராஜ் கட்டிலில் கிடந்தபடி திரை இடுக்கில் பார்த்தான். பள்ளிக்கரணையிலிருந்து ஒரு ரிட்டயர்டு குமாஸ்தாவைக் கூட்டி வந்திருந்தார்கள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. மகள் முந்தானையால் அவர் எச்சிலைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போகிற வருகிற வெள்ளைக் கோட்டையெல்லாம் பார்த்தாள். குப்புராஜுக்கு மனசு கேட்கவில்லை. ஒயரோடு எழுந்து, சார் நீங்க படுங்க என்று கட்டிலை விட்டு இறங்கிவிட்டான். ஸ்டாப் வாட்சை நிறுத்தி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஜெயஸ்ரீ மேடம் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துத் தன்மையாகவே சொன்னார்.

"குப்புராஜ், உங்க நல்ல மனசு புரியுது. ஆனா அவங்க இன்னும் பிராசஸுக்குள்ள வரல. பிராசஸுக்கு வெளியில இருக்கறவங்களை நாம ஸ்லோன்னு சொல்ல முடியாது, இல்லையா?"

குப்புராஜுக்கு இது ராத்திரி வரை விளங்கவில்லை. மேடம் படித்தவர், அதில் ஏதோ இருக்கும் என்று வைத்துக்கொண்டான். பட்டு இதைக் கேட்டுவிட்டுச் சோற்றில் குழம்பை ஊற்றியபடி, உசுரோட படுத்துகினு சாவுற பொழப்பு உனக்கு இன்னாத்துக்கு என்று கேட்டாள். அவன் கோபப்படவில்லை. நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் அத்தனை பேரும் ஓடி வருவார்கள், அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்றான். அந்த ஒரு நம்பிக்கைக்காகத்தான் அவன் வாரம் தவறாமல் மாரை மழிக்கக் கொடுத்தான்.

அடுத்த கட்டமாக அவனுடைய படத்தைப் பெரிதாக அச்சடித்து வாசலிலும் வரவேற்பிலும் மாட்டினார்கள். நெஞ்சைப் பிடித்து, முகத்தைச் சுளித்து நிற்கிற குப்புராஜ். மேலே 'மாரடைப்பை அறிவீர்' என்று எழுதியிருந்தது. செக்யூரிட்டிக்கும் நர்சுகளுக்கும் அதை வைத்தே வகுப்பு எடுத்தார்கள். இந்தப் படம் போல் வந்தால் மஞ்சள் கோட்டில் ஓடு, இல்லாவிட்டால் டோக்கன் கொடு. ஏஞ்சல் சிஸ்டர் எழுந்து, பொம்பளைங்களுக்குப் பல பேருக்கு இப்படி வராது மேடம், முதுகு வலி, வாந்தி, தாடை வலின்னுதான் வரும் என்றார். படத்தில் அதையெல்லாம் காட்ட முடியாது, குழப்பம் வரும் என்று மேடம் குறித்துக்கொண்டார்.

தை மாதக் கடைசியில் வடக்கேயிருந்து தரச் சான்று கொடுக்கும் குழு வந்தது. இரண்டு பேர். அவர்கள் பார்த்து, சரி என்று சொன்னால் வாசலில் ஒரு பித்தளைத் தகடு பதிக்கலாம். பதித்தால் பெரிய பெரிய கம்பெனிகள் தங்கள் ஆட்களை இங்கேதான் அனுப்பும். காலையிலேயே வாழை மரம் கட்டியாகிவிட்டது. மருந்தகப் பொறுப்பாளர் பட்டு வேட்டி உடுத்திப் பன்னீர்ச் செம்போடு நாலாம் மாடி மாநாட்டு அறை வாசலில் நின்றார். சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

அதே காலையில் சந்திப்பில் பட்டு ஒரு வஞ்சிரத்தை நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முந்தின நாளிலிருந்தே முதுகு பாரமாக இருந்ததாம், யாரிடமும் சொல்லவில்லை. இப்போது தாவாங்கட்டையில் ஒரு வலி இழுத்தது. வேர்த்துக் கொட்டியது. குடைக்கு அந்தப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்து, மீதித் துண்டை நறுக்கி வாடிக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஒத்திகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த குப்புராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். மீனையும் தராசையும் அப்படியே போட்டுவிட்டு அவளை ஆட்டோவில் ஏற்றினான். ஆட்டோக்காரர் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விடட்டுமா என்று கேட்டார். குப்புராஜ், இன்னாத்துக்கு, நம்ம ஆஸ்பத்திரி இதோ கீதே என்றான்.

வாசலில் செக்யூரிட்டி அவனைப் பார்த்துச் சிரித்து வணக்கம் வைத்தார். பட்டுவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், டோக்கன் கிழித்துக் கொடுத்தார். வரவேற்பில் இருந்த பெண் தாடை வலி என்றால் பல் டாக்டர், மூன்றாம் மாடி என்றாள். வாந்தியும் இருப்பதால் முதலில் வயிற்று டாக்டரைப் பார்ப்பது நல்லது, அவர் நாளை வருவார் என்றாள். ஏஞ்சல் சிஸ்டரைத் தேடினான். அவரையும் மேலே வரவேற்பு வரிசையில் தட்டு பிடிக்க நிறுத்தியிருந்தார்கள். இந்த இடத்தின் சூட்சுமம் அவனைவிட யாருக்குத் தெரியும். பட்டுவின் காதருகே குனிந்தான்.

"பட்டு, நான் சொல்றத்த கேளு. இடது பக்கம் நெஞ்ச கெட்டியா புடிச்சிக்க. மூஞ்ச சுளி. அந்தப் படத்துல கீற மாதிரி."

அவள் மூச்சு வாங்கியபடியே அவனை முறைத்தாள்.

"அங்க வலிக்கலியே. வலிக்காத எடத்த இன்னாத்துக்குயா புடிக்கணும்?"

அவன் கெஞ்சினான். அவள் தாவாங்கட்டையைத்தான் பிடித்துக்கொண்டாள். இந்த ஒரு பொய்யை மட்டும் அவள் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. பிறகு, அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு ஆஸ்பத்திரியைக் கட்டி வைத்தது யார் என்று நினைத்தால் ஆத்திரம் வேறு பக்கம் திரும்புகிறது.

அப்போது ஜெயஸ்ரீ மேடம் பட்டுப் புடவை சரசரக்க ஓடி வந்தார். குப்புராஜை எங்கெல்லாம் தேடுவது, குழு கீழே இறங்கப் போகிறது, சீக்கிரம் சட்டையை மாற்று என்றார். அவன் அவருடைய காலில் விழாத குறையாக, இது என் வீட்டுக்காரி, நிஜமாகவே உடம்பு சரியில்லை, முதலில் இவளைப் பாருங்கள் என்றான். மேடம் பட்டுவைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் இன்று மதியம் வரை நிஜக் கேஸ் எதையும் எடுப்பதில்லை, குழு பார்க்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் திட்டத்துக்கே கெட்ட பெயர் என்றார்.

குப்புராஜ் படிக்காதவன்தான். அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு வழி தோன்றியது. இந்த இடத்தில் ஓட்டமெல்லாம் ஒத்திகைக்குத்தான் என்றால் ஒத்திகைக்குள்ளேயே நுழைந்துவிட வேண்டியதுதான். கட்டிலில் ஏறிவிட்டால் போதும். ஒயர் ஒட்டுவார்கள், மிஷின் தாளைக் கக்கும், டாக்டர் கண்ணால் பார்ப்பார்.

"அப்போ இன்னிக்கி எனக்குப் பதிலா இவ படுக்கட்டும் மேடம்."

மேடம் ஒரு கணம் யோசித்தார். முகம் மலர்ந்தது. பெண் நோயாளி என்றால் குழுவுக்கு இன்னும் பிடிக்கும், போன தடவை வேறொரு ஊரில் அதைத்தான் கேட்டார்களாம். இயல்பாகச் செய்வாளா என்று மட்டும் கேட்டார். செய்வாள் என்றான் குப்புராஜ்.

சேர்மனும் குழுவும் கீழே வந்து நின்றார்கள். ஸ்டாப் வாட்ச் அழுத்தப்பட்டது. எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாமல் நாலு பேர் ஓடி வந்தார்கள். பட்டுவைச் சக்கர நாற்காலியில் அள்ளிப்போட்டு மஞ்சள் கோட்டில் பறந்தார்கள். ஒருவர் நாடி, ஒருவர் பிராண வாயு, ஒருவர் ஒயர். ஈ.சி.ஜி. மிஷின் தாளைத் தள்ளியது. அருண்ராஜ் அதைக் கிழித்து வாங்கி, நேராகக் குழுவைப் பார்த்து, "இதயத்தின் முன்சுவரில் மாரடைப்பு, ஊசி" என்றார். தண்ணீர்ப் புட்டி வந்தது.

குப்புராஜ் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

"தாளப் பாரு சார். ஒரே ஒரு தபா பாரு சார்."

அருண்ராஜ் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. அத்தனை மாதமாக அவர் சொல்லி வந்த வாக்கியம் முதல்முறையாக உண்மையாகியிருந்தது. ஊசியைப் பார்த்தார், பட்டுவைப் பார்த்தார். நிஜ மருந்து இரண்டாம் மாடியில், சாவி நாலாம் மாடியில். ஜெயஸ்ரீ மேடம் குழுவுக்குப் பின்னால் நின்று ஸ்டாப் வாட்சை உயர்த்திக் காட்டினார். சாதனை நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பையனுக்குச் சேர்மனிடம் மூன்று வருஷ ஒப்பந்தம். குப்புராஜின் காதில், ரெண்டே நிமிஷம்ணா, இவங்க நகர்ந்ததும் போட்டுடறேன் என்றார். சொல்லிக்கொண்டே பட்டுவின் நரம்பில் தண்ணீரை ஏற்றினார்.

கடிகாரம் நின்றது. இதுவரை இல்லாத நேரம். எல்லோரும் கை தட்டினார்கள். சேர்மன் அந்த இடத்திலேயே, கட்டிலுக்குத் தலைமாட்டில் நின்றபடி ஆங்கிலத்தில் பேசினார். அதை அருண்ராஜ் சொல்லக் கேட்டு ஏஞ்சல் சிஸ்டர் பின்னால் எனக்குத் தமிழில் சொன்னார். எங்கள் திட்டத்தில் நோயாளியைச் சார்ந்து எதுவும் இல்லை என்றாராம். யார் வந்தாலும், என்ன நோய் என்றாலும், ஏன், நோயே இல்லாவிட்டாலும் இதே வேகம் என்றாராம். நோய் தாமதப்படுத்தலாம், நோயாளி தாமதப்படுத்தலாம், நிர்வாகம் ஒருபோதும் தாமதப்படுத்தாது என்று முடித்தாராம். குழுவில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஒத்திகையில் இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. ஜெயஸ்ரீ மேடம் பட்டுவின் தோளைத் தொட்டு, எழுந்து நின்று சேர்மனுக்கு ஒரு கும்பிடு போடுங்கம்மா என்றார். குப்புராஜ் வேண்டாம் என்று வாய் திறப்பதற்குள் பட்டு காலைக் கீழே இறக்கிவிட்டாள். இவர்கள் சொல்வதையெல்லாம் செய்தால்தான் வைத்தியம் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள், பாவம். கட்டில் கம்பியைப் பிடித்து நின்றாள். கும்பிட்டாள். குழுவில் இருந்தவர் குனிந்து, சிகிச்சை எப்படி இருந்தது என்று ஹிந்தியில் கேட்க, மேடம் தமிழில் சொன்னார். பட்டு எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எல்லாம் வெரசாதான் செஞ்சீங்க சாமி. வைத்தியம் எப்போ பண்ணுவீங்க?"

மேடம் சிரித்தபடி, மிகவும் திருப்தியாக இருந்ததாகச் சொல்கிறார் என்று மொழிபெயர்த்தார். குழு தலையாட்டியது. பட்டு கம்பியை விட்டாள்.

அவள் விழுந்ததைப் பார்த்து அந்த இரண்டு பேரில் ஒருவர் மறுபடி கை தட்டினார். நடிப்பு பிரமாதம் என்று நினைத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை, வெளியூர்க்காரர். குப்புராஜ் தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டான். ஓடி வந்த நாலு பேரும் அங்கேயேதான் நின்றார்கள். கடிகாரம் நின்ற பிறகு என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சேர்மன் குழுவை மெதுவாக லிப்டுக்கு நடத்தினார். சாப்பாடு மேலே தயாராக இருந்தது.

அருண்ராஜ்தான் முதலில் மண்டியிட்டு அவள் மார்பை அழுத்தத் தொடங்கினார். அழுதுகொண்டே அழுத்தினார். சத்தம் கேட்டுப் படிக்கட்டில் இறங்கி வந்த ஏஞ்சல் சிஸ்டர் நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பி நாலு மாடி ஓடினார். பந்தியில் இருந்த மருந்தகப் பொறுப்பாளரின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். இதயம் திரும்பி வந்தது. நிஜ மருந்தும் ஏறியது. கொஞ்ச நேரம் பட்டு கண் திறந்து, தராசைப் பத்திரமாக எடுத்து வைத்தாயா என்று குப்புராஜைக் கேட்டிருக்கிறாள். பிறகு இதயம் மறுபடி நின்றது. மருந்துக்குக் கரைக்க நேரம் இல்லாமல் போய்விட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, குழு மறைமலை நகர் பக்கம் வேறு எதையோ பார்க்கக் கிளம்பிப் போன சமயத்தில் பட்டு போய்ச் சேர்ந்தாள்.

நான் சேதி கேட்டு ஓடியபோது குப்புராஜ் அவசரப் பிரிவு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தான். காலையில் மாற்றிக்கொள்ளச் சொன்ன ஒட்டுப்பட்டைச் சட்டை மடிப்புக் கலையாமல் கையில் இருந்தது. குழுவை வழியனுப்பிவிட்டு வந்த சேர்மன் அவனைப் பார்த்ததும் நின்றார். கெட்ட மனிதர் இல்லை. கண் கலங்கியே இருந்தது. குனிந்து அவன் தோளைத் தட்டினார்.

"மாரடைப்புல நேரம்தான்ப்பா எல்லாம். இன்னும் கொஞ்சம் சீக்கிரமா கூட்டிட்டு வந்திருக்கலாமே."

குப்புராஜ் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவன் குரலில் கோபம்கூட இல்லை, விளங்காத ஒன்றைக் கேட்கிற குரல்தான் இருந்தது.

"காலைலேர்ந்து இங்கதான சார் கீறோம்."